பறக்கும் வீரனும் அவனை வரைந்த கைகளும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்துடன் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக நாம் கூடும்போது கூலியைப் பற்றிப் பேசுவோம், போனஸைப் பற்றிப் பேசுவோம், வேலை நேரத்தைப் பற்றிப் பேசுவோம். இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பொம்மைப் படம். குழந்தைகள் பார்க்கிற படம். "ஷிப்ட் முடிந்து களைத்து வந்த எங்களை இதற்கா உட்கார வைத்தீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கூலியும், வேலை நேரமும், ஸ்ட்ரைக்கும் இந்தப் பொம்மைப் படத்துக்குள்ளேயே இருக்கின்றன.

நம் பிள்ளைகள் தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்ணையிலிருந்து குதிக்கிறார்கள். "என்னடா செய்கிறாய்?" என்று கேட்டால், "நான் சூப்பர்மேன்" என்கிறார்கள். நீல உடுப்பு, சிவப்புப் போர்வை, மார்பிலே ஓர் எழுத்து. துப்பாக்கிக் குண்டு அவன்மேல் பட்டுத் தெறிக்கும். ரயிலை ஒரு கையால் நிறுத்துவான். கட்டிடத்தைத் தாண்டுவான். அந்த வீரனைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அவனை வைத்து எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. நாம் எடுத்துக்கொள்வது முதன்முதல் வந்த தொடரை. 1941க்கும் 1943க்கும் இடையில் அமெரிக்காவில் தயாரான 17 சிறு படங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் ஓடும், சிலது அதற்கும் குறைவு. முதலில் தியேட்டர்களில் பெரிய படத்துக்கு முன்னால் காட்டினார்கள். பிறகு டெலிவிஷனுக்குப் போயிற்று. 1980களில் வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோ காசெட் பரவியபோது, பல சிறு கம்பெனிகள் மலிவு விலைக்கு இவற்றைக் காசெட்டில் ஏற்றி விற்றன. பிறகு டி.வி.டி. வந்தது. இன்று செல்போனிலே எந்தக் குழந்தையும் பார்க்கலாம்.

படம் நன்றாக இருக்கிறதா? நன்றாகவே இருக்கிறது! அதை ஒளிப்பானேன்? இருட்டும் வெளிச்சமும் கலந்த தெருக்கள், விசையோடு விரையும் எந்திரங்கள், உயிருள்ள மனிதரைப் போலவே நடக்கிற உருவங்கள் எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. 80 ஆண்டுகள் தாண்டியும் சித்திரக்காரர்கள் அதை வியந்து பார்க்கிறார்கள். நாம் அந்தக் கலையைக் குறை கூற வரவில்லை. அதைச் செய்த தொழிலாளி யார், அவனுக்கு என்ன கிடைத்தது, அந்த வீரனின் பலம் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்கவே வந்திருக்கிறோம்.

இரண்டு ஏழைப் பிள்ளைகள்

கதை அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகரில் தொடங்குகிறது. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று இரண்டு பையன்கள். இருவரும் 1914ல் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஷஸ்டரின் தகப்பனார் தையல் தொழிலாளி. சீகலின் தகப்பனார் சிறு துணிக்கடை வைத்திருந்தார். 1932ல் அவர் கடையில் திருடர்கள் புகுந்தபோது மாரடைப்பால் அங்கேயே இறந்துபோனார்.

அது எந்தக் காலம்? 1929ல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்த காலம். ஆலைகள் மூடிக் கிடந்தன. ஒரு வேளை ரொட்டிக்கும் கஞ்சிக்கும் தெருவில் வரிசை நின்றது. அந்த நாளில்தான் ஒரு பையன் எழுத, இன்னொருவன் வரைய, இந்தப் பலசாலி பிறந்தான். துப்பாக்கிக் குண்டு துளைக்காத ஒரு மனிதனை, தகப்பனைத் திருட்டில் பறிகொடுத்த பையன் கற்பனை செய்ததில் ஆச்சரியம் என்ன?

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வீரன் பகலில் யார்? மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சம்பளக்காரன்! பத்திரிகை ஆபீசில் நிருபர் வேலை. ஆசிரியர் அதட்டினால் அடங்கி நிற்பான். கூடவே வேலை செய்யும் பெண்கூட அவனைக் கோழை என்று இளக்காரம் பேசுவாள். ஆனால் அந்தச் சட்டைக்குள்ளே மலையைப் பெயர்க்கும் பலம் இருக்கிறது. மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிற தொழிலாளி எவனுக்குத்தான் இந்தக் கனவு வராது? உழைக்கிறவன் மனத்தில் உள்ள ஆசை அது. அதனால்தான் லட்சோபலட்சம் பேர் அவனை விரும்பினார்கள்.

ஆரம்பத்தில் அவன் என்ன செய்தான் தெரியுமா? 1938 ஜூன் என்று தேதியிட்டு வந்த 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் தோன்றினான். விலை 10 சென்ட். குற்றமற்ற ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து காப்பாற்றினான். மனைவியை அடிக்கும் கணவனைப் புடைத்தான். மூன்றாவது இதழில் ஒரு சுரங்கத்துக்குப் போனான். பாதுகாப்பு இல்லாத சுரங்கம். ஒரு தொழிலாளி உள்ளே மாட்டிக்கொண்டான். முதலாளியோ அலட்சியமாக இருந்தான். சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷம் போட்டான். விருந்துக்கு வந்த முதலாளியையும் அவன் சீமான் நண்பர்களையும் அதே சுரங்கத்துக்குள் இறங்க வைத்து, வழியை அடைத்துவிட்டான். மூச்சுத் திணறியபோதுதான் முதலாளிக்குத் தொழிலாளியின் நிலைமை புரிந்தது! 1939 ஜனவரியில் வந்த இதழிலே, ஏழைகள் மனிதர் வாழத் தகாத குடிசை வீடுகளில் அடைந்து கிடப்பதைப் பார்த்து அந்த வீடுகளையே இடித்துத் தள்ளினான். சர்க்கார் வேறு வழியில்லாமல் நல்ல வீடுகள் கட்டிக் கொடுத்தது.

இது கதைதான். உண்மையில் சுரங்கத்தின் கூரைக்கு முட்டுக் கொடுக்க வைத்தது சுரங்கத் தொழிலாளரின் போராட்டமே தவிர, வானத்திலிருந்து வந்த ஆள் யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் கதையில் நியாயம் எந்தப் பக்கம் நின்றது என்பது தெளிவாக இருக்கிறது.

130 டாலர்

இந்த வீரனுக்கு என்ன விலை கொடுத்தார்கள்?

பல ஆண்டுகள் பல பத்திரிகைக் கம்பெனிகளின் வாசற்படி ஏறி இறங்கினார்கள் அந்த இருவரும். யாரும் வாங்கவில்லை. 1938 மார்ச்சில் ஒரு கம்பெனி சம்மதித்தது. 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர், மொத்தம் 130 டாலர். அந்தப் பணத்துக்கு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பாத்திரத்தின் சகல உரிமையும் என்றென்றைக்கும் கம்பெனிக்கே சொந்தம் என்பது அந்தக் காகிதத்தின் சாரம். இருவருக்கும் அப்போது வயது 23.

வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கொடுத்து நிலத்தை இழந்தவர் நம் பாட்டன்மார். இந்த விஷயத்தை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் அவர்களுக்கு வேலை இருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வந்தது. சில ஆண்டுகள் அது நல்ல கூலியாகவும் இருந்தது. ஆனால் கூலி வேறு, சொந்தம் வேறு. நெய்தவனுக்குக் கூலி உண்டு. துணி அவனுடையது அல்ல. அவர்கள் பெற்ற பிள்ளை அவர்கள் கண் முன்னாலேயே பத்திரிகையில் விற்றான், 1940ல் ரேடியோவில் பேசினான், 1941ல் சினிமாவில் பறந்தான். லாபம் எல்லாம் இன்னொருவன் பெட்டிக்குப் போயிற்று.

ஒரு கணக்குப் பாருங்கள். முதல் படம் எடுக்கப் பாரமவுண்ட் கம்பெனி ஒதுக்கிய பணம் 50,000 டாலர். பத்து நிமிஷப் படத்துக்கு! அதில் வருகிற வீரனைப் படைத்தவர்களுக்குக் கொடுத்து முடித்த விலை 130 டாலர். 380 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

படக் கொட்டகையில் ஸ்ட்ரைக்

இனி, படத்தை வரைந்தவர்களைப் பார்ப்போம்.

பொம்மைப் படம் எப்படி ஓடுகிறது? ஒரு விநாடிக்கு 24 படங்கள் கண் முன்னால் ஓட வேண்டும். பத்து நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டால் 14,400. ஒரே சித்திரத்தை இரண்டு முறை பிடித்தாலும் ஆயிரக்கணக்கில் வரைந்தாக வேண்டும். பெரிய சித்திரக்காரர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைவார். கை கீழே இருக்கிறது, கை மேலே போகிறது, அவ்வளவுதான். இடையில் கை கொஞ்சம் கொஞ்சமாக உயர்வதை வரைவதற்கு வேறு ஆட்கள். நடவு வயலில் இரண்டு முனையிலும் கயிறு பிடித்தால் மட்டும் பயிர் நட்டதாகிவிடுமா? நடுவில் குனிந்து நாற்று நடுவதற்கு ஆள் வேண்டாமா? அது போலத்தான். பிறகு ஒவ்வொரு சித்திரத்தையும் கண்ணாடி போன்ற தாளில் மையால் பிரதி எடுக்க வேண்டும்; பின்பக்கம் வண்ணம் பூச வேண்டும். இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்க ஒரே கோடு, ஒரே வண்ணம். தறிக்கூடத்தில் நிற்கிறவர்களுக்கு இந்த வேலையின் சுபாவம் தெரியும்.

சூப்பர்மேன் படங்களை எடுத்தது மாக்ஸ் பிளைஷர், டேவ் பிளைஷர் என்ற சகோதரர்களின் கம்பெனி. 'பாபாய்' என்ற மாலுமி பொம்மைப் படங்களை எடுத்தவர்களும் இவர்களே. நியூயார்க்கில் பிராட்வே வீதியில் 1600ஆம் எண் கட்டிடத்தில் வேலை நடந்தது. குறைந்த கூலி, நீண்ட நேரம், காற்றோட்டம் இல்லாத அறைகள். 1935ல் அங்கே வேலை செய்த ஓர் இளைஞர் காசநோயால் இறந்தார். வேலை செய்த இடத்தின் நிலைமையே அவரைக் கொன்றது என்று கூட வேலை செய்தவர்கள் மனம் கொதித்தார்கள்.

சங்கம் பிறந்தது. முதலாளி சங்கத்தை ஏற்க மறுத்தார். சங்கத்தில் சேர்ந்தவர்கள் சிலரை வேலையை விட்டு நீக்கினார். 1937 மே 7ஆம் தேதி ஸ்ட்ரைக் தொடங்கியது. அமெரிக்காவின் பொம்மைப் படத் தொழிலில் முதல் பெரிய வேலை நிறுத்தம் அது. வாசலில் மறியல், போலீஸ் வந்தது, கைது நடந்தது. சித்திரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாபாய் பாட்டின் வார்த்தைகளை மாற்றி, அந்த மாலுமியையே சங்க உறுப்பினனாக்கி, மறியலில் நின்று பாடினார்கள்! பாபாய் படம் காட்டும் தியேட்டர்களுக்கு முன்னாலும் போய் நின்றார்கள்.

ஒரு மாதமா, இரண்டு மாதமா? ஐந்து மாதம் நின்றார்கள். அக்டோபரில் கம்பெனி இறங்கி வந்து சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது.

வெற்றிதான். ஆனால் முதலாளி சும்மா இருந்தாரா? அடுத்த ஆண்டே, 1938ல், கம்பெனியையே பெயர்த்துக்கொண்டு தெற்கே பிளாரிடா மாகாணத்து மயாமி நகருக்குப் போனார். பெரிய படம் எடுக்க இடம் வேண்டும், அங்கே வரிச் சலுகை கிடைக்கும் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஊரில் சங்கங்களுக்குப் பலம் இல்லை என்பதே முக்கிய காரணம் என்று இந்தத் தொழிலின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். சங்கம் எழுந்த ஊரிலிருந்து ஆலை எழுந்து போவது எந்த நாட்டிலும் நடக்கிற வித்தைதானே!

அந்த மயாமி கொட்டகையில்தான் சூப்பர்மேன் படங்கள் தயாராகின. நியூயார்க்கிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அந்த ஊரிலேயே புதிதாகச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 1941 செப்டம்பர் 26ல் முதல் படம் வெளிவந்தது. ஆஸ்கார் பரிசுக்கும் சிபாரிசு செய்யப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவில் டிஸ்னி கம்பெனியின் சித்திரக்காரர்களும் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். திரையிலே சிரிப்பு, திரைக்குப் பின்னாலே போராட்டம்.

பிளைஷர் சகோதரர்களாவது பிழைத்தார்களா? இல்லை. அவர்கள் பாரமவுண்டுக்குக் கடன்பட்டிருந்தார்கள். 1942ல் பாரமவுண்ட் அவர்களை வெளியே தள்ளிவிட்டு, கம்பெனிக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டது. முதல் 9 படங்கள் பிளைஷர் பெயரில் வந்தன. மீதி 8 படங்கள் புதுப் பெயரில் வந்தன. தொழிலாளியை ஊர் மாற்றி வைத்த முதலாளியை அதைவிடப் பெரிய முதலாளி விழுங்கினான்.

வீரன் யாருக்குக் காவல்?

இப்போது படங்களுக்குள்ளே போவோம்.

சுரங்க முதலாளியைச் சுரங்கத்தில் அடைத்த அந்த வீரன், சினிமாவுக்கு வந்த பிறகு என்ன செய்கிறான்? 1942 ஜனவரியில் வந்த ஒரு படத்தில், தங்கம் ஏற்றிக்கொண்டு நாணயச் சாலைக்குப் போகிற ரயிலைக் கொள்ளைக்காரர் தாக்குகிறார்கள். சூப்பர்மேன் அந்த ரயிலைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிறான். இன்னொரு படத்தில் இரும்பு மனிதர்கள் பாங்கியையும் நகைக் கண்காட்சியையும் கொள்ளையடிக்கிறார்கள், அதையும் தடுக்கிறான். கொள்ளையைத் தடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 17 படங்களில் ஒன்றிலாவது குடிசைவாசிக்கு வீடு உண்டா? சுரங்கத் தொழிலாளிக்கு முட்டுக் கட்டை உண்டா? மூன்றே ஆண்டுகளில், ஏழைக்குத் துணையாக நின்றவன் பெட்டகத்துக்குக் காவல்காரனாகிவிட்டான்!

1942 மே மாதம் வந்த ஒரு படம் இன்னும் விசேஷம். அமெரிக்காவின் ஆதிக்குடியைச் சேர்ந்த ஒரு விஞ்ஞானி பத்திரிகை ஆபீசுக்கு வருகிறார். "மன்ஹாட்டன் தீவு எங்கள் ஜனங்களுடையது, திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்கிறார். கேட்டது என்ன பொய்யா? அந்த மண்ணில் வெள்ளையர் வந்து இறங்குவதற்கு முன்னே ஆதிக்குடிகள் வாழ்ந்தார்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் படத்தில் அவர் வில்லன். கடலுக்கடியில் எந்திரம் வைத்துப் பூகம்பம் உண்டாக்குகிறார். சூப்பர்மேன் வந்து அதை முறியடிக்கிறான். நகரம் பிழைத்தது, சந்தோஷம். ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்வி? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நிலத்தைக் கேட்கிறவனைப் பூகம்பக்காரனாகக் காட்டிவிட்டால், அவன் கேட்ட கேள்வி காதில் விழாமலே போய்விடுகிறது. நிலம் கேட்டுப் போராடியவர்களே, இந்தத் தந்திரத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவையுங்கள்.

1942 செப்டம்பரில் வந்த படத்தில் ஜப்பானிய உளவாளிகள் வருகிறார்கள். ஆபீஸ் சுவரில் அமெரிக்கச் சுதந்திர தேவியின் படம்; அது திரும்பியதும் ஜப்பானின் சூரியன் தெரிகிறது. அதாவது, அமெரிக்காவில் குடியிருக்கும் ஜப்பானியன் எவனானாலும் உள்ளுக்குள் துரோகி என்று குழந்தைக்குப் பாடம்! பாசிசத்தை எதிர்த்த யுத்தம் நியாயமான யுத்தம். அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே 1942ல் அமெரிக்க சர்க்கார் என்ன செய்தது? ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேரை, வயோதிகர், பெண்கள், குழந்தைகள் உட்பட, வீட்டையும் தொழிலையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குப் பிடித்துச் சென்றது. அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். அந்த அநியாயத்துக்காக அமெரிக்க சர்க்கார் 1988ல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. சர்க்கார் மன்னிப்புக் கேட்டுவிட்டது. படமோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படைத்தவர்களுக்கு நீதி

சீகலும் ஷஸ்டரும் என்ன ஆனார்கள்?

1947ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1948ல் ஏறக்குறைய 94,000 டாலரோடு வழக்கு முடிந்தது. வேலையும் போயிற்று, பத்திரிகையிலிருந்து அவர்கள் பெயரையும் எடுத்துவிட்டார்கள். பெற்றவன் பெயரே இல்லாத பிள்ளையாகச் சூப்பர்மேன் உலகம் சுற்றினான்.

1975ல் நிலைமை இது: உலகத்திலேயே பலம் பொருந்திய வீரனை எழுதிய சீகல், அறுபது வயதைத் தாண்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஓர் ஆபீசில் கடிதம் பிரித்துக் கொடுக்கும் குமாஸ்தா. எக்ஸ்ரே கண்ணுள்ள வீரனை வரைந்த ஷஸ்டருக்குப் பார்வை மங்கிப்போயிற்று. சகோதரர் வீட்டில் ஒண்டியிருந்தார். அதே சமயத்தில் கோடிக்கணக்கான டாலர் செலவில் பெரிய சூப்பர்மேன் சினிமாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது!

சீகல் தம் கதையைப் பகிரங்கமாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அப்போது யார் துணைக்கு வந்தார்கள்? சூப்பர்மேனா வந்தான்? நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற சித்திரக்காரர்கள் முன்னால் வந்தார்கள். தங்கள் தொழில் தோழர்களைத் திரட்டினார்கள். பத்திரிகைகளும் டெலிவிஷனும் விஷயத்தை ஊரறியச் செய்தன. சட்டப்படி கம்பெனி ஒரு சென்ட்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. கையெழுத்துத்தான் கையில் இருக்கிறதே! ஆனாலும் 1975 டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் பென்ஷன். அதைவிடப் பெரியது, படைத்தவர்கள் என்று அவர்கள் பெயரை மறுபடியும் போட வேண்டும் என்ற ஒப்பந்தம். 1978ல் வந்த சினிமாவில் அந்தப் பெயர்கள் இருந்தன. ஷஸ்டர் 1992லும் சீகல் 1996லும் காலமானார்கள்.

போன மானமும் பெயரும் எப்படித் திரும்பின? ஒருவனுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று மற்றவர்கள் உணர்ந்து கூடினார்கள், அதனால் திரும்பின. அந்த 130 டாலரும் அடங்கிய பழைய செக்குக் காகிதம் 2012ல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போயிற்று. செத்த காகிதத்துக்குக் கொடுக்கும் மதிப்பை உயிரோடு இருந்த மனிதனுக்குக் கொடுக்க எத்தனை பாடு!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை 28 ஆண்டுகளுக்கு. பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்த 17 படங்களின் உரிமையைக் கம்பெனி புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. ஆகவே படங்கள் பொதுச் சொத்தாகிவிட்டன. அதனால்தான் 1980களில் யார் வேண்டுமானாலும் காசெட் போட முடிந்தது. பழுதான பிரதியும் மங்கிய வண்ணமுமாகப் பல காசெட்டுகள் வந்தன. ஆனாலும் ஏழை வீட்டுப் பிள்ளையும் பார்க்க முடிந்தது. பிறகு 2009லும் 2023லும் வார்னர் கம்பெனியே சுத்தம் செய்து வட்டுகளாக வெளியிட்டது. படம் பொதுச் சொத்து. ஆனால் வீரன் இன்னமும் கம்பெனியின் சொத்து. இன்றைய சட்டப்படி 2034 ஜனவரி 1ஆம் தேதிதான் அந்த முதல் கதை பொதுமக்களுக்குச் சொந்தமாகும்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, பிள்ளைகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிடலாமா? அப்படிச் செய்வது நம் வேலை அல்ல. பலசாலியைப் பார்த்துக் குழந்தை ஆசைப்படுவது இயற்கை. நம் பாட்டிமார் பீமன் கதை சொல்லியே நமக்குச் சோறூட்டினார்கள். திண்ணையிலிருந்து குதித்தால் கால் ஒடியும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

படத்தைக் கூட உட்கார்ந்து பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிஷம் போதும். பார்த்து முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வீரன் யாருடைய பொருளைக் காப்பாற்றினான்? யாரைக் கெட்டவன் என்று காட்டினார்கள், அவன் என்ன கேட்டான்? இந்தப் படத்தை வரைந்தது யார்? குழந்தைகள் நம்மைவிடக் கூர்மையானவர்கள். ஒரு தடவை கேட்கப் பழகிவிட்டால், அடுத்த படத்தில் நாம் கேட்காமலே அவர்கள் கேட்பார்கள். இந்தப் படத்தை மட்டுமா? எந்தப் படத்தையும் கேட்பார்கள்.

வானத்திலிருந்து ஒருவன் வந்து காப்பாற்றுவான் என்று காத்திருக்கிற பிள்ளை, வளர்ந்த பிறகும் யாராவது ஒரு தலைவன் வருவான், ஒரு நடிகன் வருவான் என்று காத்திருப்பான். சூப்பர்மேனைப் படைத்தவர்களைக் காப்பாற்றவே சூப்பர்மேன் வரவில்லை. கூட வேலை செய்தவர்கள்தான் வந்தார்கள் என்று அவனுக்குச் சொல்லுங்கள். ஐந்து மாதம் பிராட்வே வீதியில் வெயிலிலும் மழையிலும் நின்றவர்களுக்குப் பறக்கத் தெரியாது. குண்டு பட்டால் சாவார்கள். அப்படியும் நின்று ஜெயித்தார்கள் என்று சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. படத்தில் பெயர்கள் காட்டும் இடத்தில் போனைத் தள்ளிவிடாதீர்கள். நிறுத்தி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சிலர் பெயர்தான் இருக்கும். வண்ணம் பூசிய பெண்கள், இடைச் சித்திரம் வரைந்த இளைஞர்கள் பெயர் எதுவும் இருக்காது. "மற்றவர்கள் எங்கே அப்பா?" என்று குழந்தை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஆலையிலும் வயலிலும் பெயரில்லாமல் உழைக்கிற நம்மைவிடத் தகுதியுள்ளவர் யார்?